வெட்டி எறிந்த புல்லும் நட்டு வளர்க்கும் புல்லும்



புல் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு நினைவுக்கு வருவது அழகு அன்று, வேலைதான். புல் வெட்டு, களையெடுப்பு, மருந்தடிப்பு என்று மூன்று தலைமுறைகள் புல்லை ஒழிப்பதற்கே கூலி வாங்கியிருக்கின்றன. அதனால், "வீட்டு முன்றிலில் அழகுக்குப் புல் வளர்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "புல்லையும் நட்டு வளர்ப்பார்களா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புக்கிட் பெலிம்பிங் தொடங்கி வட சிலாங்கூர்த் தோட்டங்கள் வரை புல்லோடு நாம் நடத்திய போராட்டத்தின் வரலாற்றை அறிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். எந்தப் புல்லை வளர்க்கலாம், எதை வாசலுக்குள் விடக் கூடாது என்பதும் விளங்கும். இன்றைய பேச்சில் அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் புல் என்றால் என்ன? தொல்காப்பியத்தின் மரபியல் இதற்கு ஓர் இலக்கணம் சொல்கிறது. வெளிப்புறம் வன்மையாக இருப்பது புல், உட்புறம் வன்மையாக இருப்பது மரம் என்பது அதன் பிரிவு. அந்தக் கணக்குப்படி மூங்கிலும் புல். தென்னையும் பனையும்கூடப் புல்தான். இக்காலத் தாவரநூலார் தென்னையையும் பனையையும் தனிக் குடும்பமாக வைக்கிறார்கள். ஆனால் மூங்கில், கரும்பு, நெல், சோளம், அறுகு, லாலான் எல்லாம் புல் குடும்பத்தவை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். நாம் உண்ணும் சோறும் பொங்கலன்று வாசலில் நிறுத்தும் கரும்பும் புல்லினமே.

கரும்பைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நம் முன்னோரைப் பெருங்கூட்டமாக இந்நாட்டுத் தோட்டங்களுக்கு இழுத்து வந்த முதல் பயிர் ரப்பர் அன்று. 1840-களில் பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள செபராங் பிறையில் வெள்ளைக்காரர்கள் கரும்புத் தோட்டங்களைப் பெருக்கினார்கள். அங்கே வெட்டவும் நடவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆக, கடல் கடந்த நம் கதை ஒரு புல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் புல்லை நட்டு வளர்க்க வந்த மக்கள், பின்னர் வேறொரு புல்லை அழிப்பதையே தொழிலாகக் கொள்ள நேர்ந்தது. அந்த வேறொரு புல்தான் லாலான்.

லாலானைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? வெள்ளி நூல் போன்ற கதிர், வாள் போன்ற இலை, மண்ணுக்கடியில் ஊசி முனையோடு ஓடும் தண்டு. அந்தத் தண்டில் ஒரு சிறு துண்டு மண்ணில் தங்கினாலும் போதும், மீண்டும் முளைத்துவிடும். மேலே தீ வைத்தால் இலை கருகும். அடித்தண்டு பிழைத்து முன்னிலும் செழிப்பாகத் தளிர்க்கும். விதையோ காற்றில் பறந்து போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்கா, நெகிரி செம்பிலான் பகுதிகளில் காட்டை அழித்து மரவள்ளி பயிரிட்டு, மண் சோர்ந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படிக் கைவிட்ட நிலங்களை லாலான் வளைத்துக்கொண்டது. ரப்பர் நட வந்தவர்களுக்கு முன்னால் நின்ற பகைவன் இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. 1910-இல் உச்சத்தைத் தொட்டது. காடுகள் வேகமாக அழிந்தன. பால்மரக் கன்றுகளுக்கு இடையில் லாலான் புகுந்தால் கன்று குன்றிப்போகும் என்ற அச்சம் துரைமார்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட வழி, மண்ணில் ஒரு பசும்புல்லும் தலைகாட்டாதபடி சுரண்டி எடுப்பது. சுத்தக் களையெடுப்பு என்று அதற்குப் பெயர். வெறும் செம்மண்ணாகத் தெரியும் தோட்டமே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று கருதப்பட்டது. விடியற்காலைப் பிரட்டு முடிந்ததும் சங்கோலைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்களும் ஆண்களும் வரிசை வரிசையாகப் புறப்பட்டார்கள். லாலான் தண்டை ஆழமாகக் கொத்தி, விரலால் துழாவி, துண்டு விடாமல் பொறுக்கினார்கள்.

அதன் விளைவு என்ன? நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதுவும் தூறலாகப் பெய்வதில்லை, கொட்டித் தீர்க்கிறது. போர்வையில்லாத குன்றுச் சரிவில் அப்படி மழை விழுந்தால் மேல்மண் நிற்குமா? ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் காடு சேர்த்து வைத்த கறுப்பு மண் சில ஆண்டுகளிலேயே ஆற்றோடு போயிற்று. புல்லை வென்ற இடத்தில் மண் தோற்றது.

இதைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எளிதாகச் செய்து காட்டலாம். இரண்டு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் புல் பத்தை ஒன்றை வேரோடு பதியுங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் சாய்த்து வைத்துப் பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். புல் பதித்த தட்டிலிருந்து தெளிந்த நீர் சொட்டும். வெறும் தட்டிலிருந்து சேறு வழியும். ஒரு பாடநூலில் பத்துப் பக்கம் படிப்பதைப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

ஆராய்ச்சியாளர்களும் இதை உணர்ந்தார்கள். 1920-களிலும் 1930-களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களில் சுத்தக் களையெடுப்பு மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பயறு இனத்துக் கொடிகளைப் பரப்பினார்கள். நிலத்தை மூடிப் படரும் புவேராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகளை நீங்கள் இன்றும் இளம் செம்பனைக் காடுகளில் பார்க்கலாம். இவை மண்ணைக் காக்கின்றன. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்கு ஊட்டுகின்றன. லாலானுக்கு நிழல் போட்டு அடக்குகின்றன. லாலான் வெயில் விரும்பி. கத்திக்கும் தீக்கும் அஞ்சாத அந்தப் புல் நிழலுக்கு அஞ்சும். நூறு பேர் நூறு நாள் கொத்தியும் ஒழியாததை ஒரு கொடி நிழலால் ஒடுக்கியது. வன்மையால் முடியாதது அறிவால் முடிந்தது.

ஆனால் எல்லாரும் அந்த அறிவுவழியில் போகவில்லை. சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சை லாலான் மீது தெளிக்கும் வழக்கமும் அக்காலத்திலேயே வந்துவிட்டது. மேய்ந்த மாடு சாகும். தெளித்த கை புண்ணாகும். 1962-இல் பாராகுவாட் என்ற களைக்கொல்லி உலகச் சந்தைக்கு வந்தது. இது தொட்ட இலையைக் கருக்கிவிடும். மனிதர் உடலுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் தாய்மார்கள். தோட்டத்து மருந்தடிப்புப் பெண்களின் நிலையை ஆராய்ந்து தெனாகானித்தா அமைப்பு 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முடிவில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டது. புல்லின் மீது தொடுத்த போரில் புண்பட்டது யார் என்பதை இந்த ஆண்டுக் கணக்கே சொல்லும்.

நேயர்களே, இதுவரை வெட்டி எறிந்த புல்லின் கதையைக் கேட்டீர்கள். இனி நட்டு வளர்க்கும் புல்லின் கதைக்கு வருவோம். அதற்கு முன், "அழகுக்கு வளர்ப்பது வீண் வேலை" என்று நினைப்பவர்களுக்கு நம் கோலசிலாங்கூர் மாவட்டத்திலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன்.

இன்று இந்நாடெங்கும் நிற்கும் செம்பனை, இங்கே முதலில் அழகு மரமாகத்தான் வந்தது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்களைச் சுமத்ராவின் டெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக நட்டு வைத்தார்கள். ஹென்றி பொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரத் தோட்ட முதலாளி அங்கிருந்து விதை பெற்று, 1911, 1912 ஆண்டுகளில் கோலசிலாங்கூர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தம் தோட்டத்து அழகுக்காக நட்டார். அந்த அழகு மரங்களின் விதையைக் கொண்டு 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பகுதியில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். ஆம், நம் தமிழ்ச் சொல்தான்! வாசலில் அழகுக்கு நின்ற ஒரு செடி ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. ஆகவே அழகுச் செடியை அலட்சியமாகப் பார்க்கக் கூடாது.

தமிழ்ப் பெயரோடு உலகை வலம் வந்த செடி இன்னொன்றும் உண்டு. அது புல்தான். வெட்டிவேர்! ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இப்புல்லுக்கு வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லான வெட்டிவேரிலிருந்து பிறந்தது. மலாய்க்காரர் அக்கார் வாங்கி, அதாவது மணக்கும் வேர், என்பார்கள். பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்தோம். தட்டி பின்னி நீர் தெளித்துக் கோடையைத் தணித்தோம். மாலையாகக் கட்டிச் சாமிக்குச் சூட்டினோம். ஆனால் அந்தப் புல் உயிரோடு மண்ணில் நிற்கும்போது என்ன செய்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் சிலர் இருந்தார்கள். மைசூரை அடுத்த குண்டலுப்பேட்டை உழவர்கள் பல தலைமுறைகளாகத் தங்கள் நிலத்தின் எல்லையில் வெட்டிவேரை வேலியாக நட்டு வந்தார்கள். 1950-களில் பிஜித் தீவின் கரும்புச் சரிவுகளில் ஜான் கிரீன்ஃபீல்ட் என்ற மண்காப்பு வல்லுநர் இப்புல்லை வரிசையாக நட்டு மண்ணை நிறுத்தினார். 1980-களில் அவரும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் உலக வங்கியின் வழியாக இந்தியாவில் இம்முறையைப் பரப்பினார்கள். அந்தச் செய்தி நம் நாட்டுக்கும் வந்தது. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி. கே. யூன் வெட்டிவேரை நட்டு, பெருக்கி, அளந்து சோதித்தார். தம் முதல் அறிக்கையை 1991-இல் வெளியிட்டார். அதன்பின் 1990-களில் மலைச் சாலைச் சரிவுகளில் மண் சரியாமல் இருக்க இப்புல்லை நட்டார்கள். இதன் வேரைப் பொறியியலார் இழுத்துச் சோதித்தபோது, அதன் இழுவிசை வலிமை சாதாரண எஃகின் வலிமையில் ஆறில் ஒரு பங்கு இருப்பதைக் கண்டார்கள். ஒரு புல்லின் வேருக்கு இவ்வளவு வலிமை! நல்ல மண்ணில் ஒரே ஆண்டில் அந்த வேர் 3 மீட்டர் ஆழத்துக்கும் இறங்கும்.

ஒரு காலத்தில் புல்லைச் சுரண்டி மண்ணை இழந்த நாட்டில், பிறகு புல்லை நட்டு மண்ணைக் காக்கிறார்கள். அப்படியானால் லாலானும் வெட்டிவேரும் ஒன்றா? இல்லை. இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

புற்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஓடும் புல், மற்றது குத்துப்புல். ஓடும் புல் தண்டை நீட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பக்கத்து நிலத்தையும் பிடிக்கும். லாலான் ஓடும் புல். பள்ளித் திடலில் பரவியிருக்கும் அகன்ற இலையுள்ள கவ்கிராஸும் பிள்ளையாருக்குச் சூட்டும் அறுகும் ஓடும் புல்லே. குத்துப்புல் நின்ற இடத்திலேயே தூர் கட்டிப் பருக்கும். வெட்டிவேர், நாம் செராய் என்று சொல்லும் எலுமிச்சம்புல், கரும்பு, நம் நாட்டு மூங்கில்களில் பெரும்பாலானவை ஆகியன குத்துப்புற்கள். வீட்டு அழகுக்குக் குத்துப்புல்லே ஏற்றது.

அடுத்துப் பார்க்க வேண்டியது விதை. தென்னிந்திய வெட்டிவேரில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் பெருகும். 1998-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, தெற்காசியாவுக்கு வெளியே பல நாடுகளில் வளர்க்கப்படும் வெட்டிவேர் ஏறத்தாழ முழுவதும் ஒரே தாய்த் தூரின் வழிவந்தது என்று காட்டியது. மனிதர் கைமாறிக் கைமாறித்தான் அது உலகைச் சுற்றியிருக்கிறது; தானாகப் பறந்து எந்த நிலத்தையும் கெடுக்கவில்லை.

இதற்கு மாறான கதைகளும் உண்டு. தென் அமெரிக்காவின் பம்பாஸ் புல்லை வெண்கதிரின் அழகுக்காகக் கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் நட்டார்கள். காற்றில் விதை பறந்து அது காடுகளிலும் கடற்கரைகளிலும் களையாயிற்று. ஹவாய்த் தீவில் அழகுக்கு வந்த ஊற்றுப்புல் வறண்ட நிலங்களில் பரவித் தீயை வளர்த்தது. இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் லாலானையே, சிவந்த இலையுள்ள ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, குளிர்நாடுகளில் அழகுப்புல்லாக விற்கிறார்கள்! அது பச்சை லாலானாகத் திரும்பிப் பரவிவிடும் என்ற அச்சத்தால் அமெரிக்காவின் சில மாநிலங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. தமிழ்நாட்டிலோ தர்ப்பை என்று சடங்குக்கு எடுக்கும் புற்களில் லாலான் இனமும் ஒன்று. ஓரிடத்தில் களை, ஓரிடத்தில் அழகு, ஓரிடத்தில் புனிதம். புல் ஒன்றுதான், மனிதன் வைக்கும் பெயர்தான் வேறு வேறு. ஆனால் பெயர் எதுவானாலும் அதன் வேரும் விதையும் தம் குணத்தைக் காட்டாமல் போவதில்லை.

சரி, நம் வீட்டு முன்றிலில் என்ன செய்யலாம்? நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரக் காற்றுக்கும் குளிர்நாட்டுப் புற்கள் தாங்காமல் அழுகிவிடும். வெப்ப நாட்டுக் குத்துப்புல்லையே தேடுங்கள். வெட்டிவேர், செராய், செராய் வாங்கி, துடைப்பம் கட்ட உதவும் அகன்ற இலைப் புலிப்புல் ஆகியவை நன்றாக வரும். இவற்றில் வெட்டிவேருக்கும் செராய்க்கும் முழு வெயில் வேண்டும். லாலானைப் போலவே இவையும் நிழலில் மெலிந்துவிடும்.

வெட்டிவேர் நடுவதானால் மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரையும் சற்றுக் கத்தரித்துக்கொள்ளுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நடுங்கள். சரிவான இடமானால் வரிசை மேலிருந்து கீழாகப் போகக் கூடாது. சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். அப்போதுதான் ஓடிவரும் நீரைத் தடுத்து மண்ணை நிறுத்தும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் நெருக்கமாகும்; எலியும் பாம்பும் தங்க இடமிருக்காது. வெட்டிய இலையை எரிக்காமல் செடிகளின் அடியில் பரப்புங்கள், அதுவே உரம். ஈரம் தேங்கும் நிலத்தையும் வெட்டிவேர் தாங்கும். செராய்க்கு நீர் தேங்கக் கூடாது. மேடு கட்டி நட வேண்டும்.

செராய் நட்டால் கொசு வராது என்று சிலர் சொல்வார்கள். செடி சும்மா நிற்பதால் கொசு ஓடாது. இலையைக் கசக்கும்போது வெளிவரும் எண்ணெய்க்குத்தான் அந்தக் குணம். ஆகவே செராயை நட்டுவிட்டுத் தேங்கிய தண்ணீரை மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசு அதில்தான் பெருகும்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் பல. "எங்களுக்கு ஏது நிலம்?" என்று கேட்கலாம். ஓட்டை போட்ட பழைய வாளி ஒன்று போதும். வெயில் விழும் நடைவழியில் ஒரு செராய்த் தூர் கறிக்கும் ஆகும், தேநீருக்கும் ஆகும், கண்ணுக்கும் குளிர்ச்சி. இடத்துக்கு ஏற்ற புல்லைத் தேர்வதுதான் முக்கியம்.

நேயர்களே, எந்தச் செடி களை, எந்தச் செடி பயிர் என்பதை நம் முன்னோருக்காகப் பிறர் முடிவு செய்தார்கள். கொத்து என்றால் கொத்தினார்கள். அடி என்றால் அடித்தார்கள். ஏன் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று நம் வாசலில் எது நிற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். அதற்கு வேண்டியது பணம் அன்று. வேரையும் விதையையும் பற்றிய அறிவு. அந்த அறிவில் நம் பாட்டன் பாட்டிமாருக்குப் பெரும்பங்கு இருந்தது. லாலானின் ஒவ்வொரு கணுவையும் விரலால் அறிந்தவர்கள் அவர்கள். எந்தப் புல் எப்படி ஓடும், எந்த மண்ணில் எது பிழைக்கும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளை ஏட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு தூரை அவர்கள் கையால் நடச் சொல்லுங்கள்.